குவியலின் அடியிலிருந்து ஒரு பிடி

விதி சொல்வது இது. குவியலாகக் கிடக்கும் கழிவிலிருந்து மாதிரி எடுக்கும்போது மேலிருந்து ஒரு பங்கு, நடுவிலிருந்து ஒரு பங்கு, அடியிலிருந்து ஒரு பங்கு எடுக்க வேண்டும். மூன்றையும் கலந்து நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகள் இரண்டைத் தள்ளி, மீதியை மறுபடி கலக்க வேண்டும். ஒரே ஒரு பொட்டலம் மிஞ்சும் வரை இதையே செய்ய வேண்டும். பிறகு அரக்கு முத்திரை. எடுத்தவர் கையெழுத்து, அருகில் நின்று பார்த்தவர் கையெழுத்து, நாள், நேரம்.

கழிவுகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் சோறு தின்றது இப்படிப்பட்ட வரிகளால்தான். இந்த விதியை மீறியவர்களிடம் விளக்கம் கேட்டு நான் அனுப்பிய மெமோக்களை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும். நான் குள்ளம்தான், இருந்தாலும் அது கணிசமான அடுக்கு.

மலையாள மீன மாதத்து மதியம் ஒன்றில், நம் பங்குனியில், அந்த விதி என் கண் முன்னால் மீறப்பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். தடுக்கவில்லை. சிரித்துக்கொண்டு நின்றுவிட்டு, 'பார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு லாரிகள்

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் முதல் மேஜைக்கு மூன்று கால்கள்தான் இருந்தன என்று எழுதியதைப் படித்துவிட்டு, நாலாவது கால் எங்கே போயிற்று என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, அது ஸ்டோர் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. மேஜையில்தான் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம், "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை. சர்வீஸில் இருந்தபோது நாங்கள் சும்மா இருப்பதாக நம்பிய அதே மக்கள்தான்.

ஓராண்டு போனதும் ஜெயன் வந்தான். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் திரும்பும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தக் கொடுக்கும் நிலையம் ஒன்றின் மேனேஜர். இயந்திரங்களோடு நன்றாகப் பேசத் தெரிந்தவன். அலுவலகங்களோடு பேசத் தெரியாதவன்.

"மேடம், பேப்பர் நோக்கான் ஒரு ஆள் வேணம். வேறெ ஒந்நும் செய்யண்டா" என்றான், காகிதங்களைப் பார்த்தால் மட்டும் போதும் என்று.

செவ்வாயும் வெள்ளியும் போக ஆரம்பித்தேன்.

நகரம் குளித்து, துவைத்து, கழுவி விட்ட தண்ணீர் அந்த நிலையத்தின் ஒரு முனையில் வந்து விழும். அந்த இடத்தில் யாரும் நீண்ட வாக்கியம் பேசமாட்டார்கள். தொட்டி, காற்று, மணல், கரி என்று பல கட்டங்கள் தாண்டி, கடைசியில் மெல்லிய சவ்வுகள் வழியாக அதை அழுத்திப் பிழிவார்கள். மறுமுனையில் கண்ணாடி போலத் தண்ணீர் வரும். கழிப்பறைத் தொட்டிகளுக்கும் தோட்டங்களுக்கும் பெரிய கட்டிடங்களின் குளிரூட்டும் கோபுரங்களுக்கும் அது போகிறது. முதல் நாள் ஜெயன் ஒரு கிளாஸ் பிடித்து என் முன்னாலேயே குடித்துக் காட்டினான். குடிக்கலாம் என்று அனுமதி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். அப்படியானால் நீ குடித்ததை நான் பார்க்கவில்லை என்றேன்.

நல்ல தண்ணீரைப் பிழிந்து எடுத்தால் ஒரு மிச்சம் நிற்கும். அதைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருக்கும். நகரத்தின் உப்பு அத்தனையும் அதற்குள்தான். ஆற்றில் விட்டால் ஆறு கரிக்கும், மண்ணில் விட்டால் தென்னை கருகும். சுண்ணாம்பு போட்டு, கரியில் வடித்து, இன்னொரு சவ்வில் அழுத்தி, ஆவியாக்கும் கொப்பரையில் சுண்டவைத்து அதைக் கட்டியான உப்புநீராக்குவார்கள். பிறகு உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் கருப்பட்டி போலக் கட்டி கட்டியாக வரும். மணம் மட்டும் கருப்பட்டியினுடையது அல்ல. அது அபாயக் கழிவு. மூட்டை கட்டி, அதற்கென்று இருக்கும் தூரத்துக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். தொண்ணூறு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க அங்கே சாஃப்ட்னர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடிக்கடி உப்புக் கரைசல் ஊட்ட வேண்டும். அதற்கான உப்பு வெளியிலிருந்து லாரியில் வரும். ஆக, உப்பு மூட்டை ஏற்றிய ஒரு லாரி உள்ளே வர, உப்பு மூட்டை ஏற்றிய இன்னொரு லாரி வெளியே போக, இரண்டும் கேட்டில் ஒன்றுக்கொன்று வழி விட்டு நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காகிதங்கள் சரியாக இருந்தன. நான்தான் சரிபார்த்தேன்.

கண் கூசாத பாத்தி

முத்துக்கனி அங்கே வளாகம் பெருக்க வந்தவள். தூத்துக்குடிப் பக்கம். கணவன் விழிஞ்ஞத்தில் கட்டுமான வேலைக்கு வந்தபோது கூட வந்தாள். அதற்கு முன்னால் இருபது வருடம் உப்பளத்தில் கால் வைத்தவள். உப்பின் மேல் விழும் வெயில் திருப்பி அடித்து அடித்து அவள் கண் பழுதாகிவிட்டது. இனி அளத்துக்குப் போகாதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதையும் கொஞ்சம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அவள் சந்தேகப்படுவது போல இருக்கும். பெரும்பாலும் சந்தேகப்படவும் செய்வாள்.

உலர்த்தும் இயந்திரம் அடிக்கடி மக்கர் செய்ததால், உப்புநீரை வெயிலில் காயவைக்க ஜெயன் ஆழமில்லாத ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தான். நம் ஊர் மழைக்காக மேலே வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் வெள்ளைக் கூரை. அதிலும் அதே பழுப்புக் கட்டிதான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை முத்துக்கனி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு தொட்டியையே பார்த்தபடி நின்றாள்.

"தம்பி, இது பாத்தி இல்லா? இதுல எல்லாத்தையும் ஏன் ஒண்ணாப் போட்டுக் காய வைக்கிய?"

"சேச்சி தூத்துவாரியா மதி" என்றான் ஜெயன், பெருக்கினால் போதும் என்று.

"தூத்துதேன். அதுக்குக் கண்ணையும் மூடிக்கிடணுமா?"

நான் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"மொதல்ல சுண்ணாம்பு எறங்கும். அது தனி. பெறவுதான் உப்பு எறங்கும். அதுக்கும் பெறவு நிக்க தண்ணி கசப்பு, அத வடிச்சி விட்டுறணும். வடிக்காம வச்சா உப்பையும் சேத்துக் கெடுத்துரும். மூணு பாத்தி வேணும் தம்பி. ஒரே சட்டியில சோறும் கொளம்பும் பாயாசமும் வச்சா யாரு திம்பா?"

ஜெயனைப் பற்றி நல்லது ஒன்று சொல்ல வேண்டும். அவன் கோபப்படவில்லை. இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் தொட்டியின் குறுக்கே இரண்டு செங்கல் சுவர் எழுப்பினான். கம்பெனியிடம் போராடி ஒரே ஒரு பருவத்துக்குப் பரீட்சார்த்த அனுமதி வாங்கினான். உப்பு தேறி, அதை நிலையத்துக்குள்ளேயே பயன்படுத்த அனுமதியும் கிடைத்தால் பாத்திகள் இருக்கும். இல்லையென்றால் இடித்துவிட்டு அங்கே பெரிய உலர்த்தும் இயந்திரம் வரும். முத்துக்கனியைப் பாத்தி வேலைக்கு மாற்றினார்கள்.

தண்ணீர் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்க்க ஜெயன் மிதக்கும் மானி ஒன்று வைத்திருந்தான். அவள் விரலை நனைத்துக் கட்டைவிரலோடு தேய்த்துப் பார்ப்பாள். எண்ணெய் போல வழுவழுத்தால் கசப்பு வந்துவிட்டது, வடிக்க வேண்டும். மானி என்ன காட்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுவாள். மானி ஒருமுறை கூட அவளை எதிர்த்துப் பேசியதில்லை.

சதுரம்

கும்ப மாதக் கடைசியில் ஒரு மதியம், "அம்மா, இங்க வாங்க. பேசாம வாங்க" என்று என்னைக் கூப்பிட்டாள்.

இரண்டாவது பாத்தி. கூரையின் கீழே நல்ல புழுக்கம். தண்ணீரின் மேல் பாலாடை போல மெல்லிய ஏடு படிந்திருந்தது. குனிந்து பார்த்தேன். ஏடு அல்ல அது. கடுகை விடச் சிறிய சதுரங்கள். ஒவ்வொன்றும் நடுவில் குழிந்து, காகிதப் படகு போல மிதந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பக்கத்தில் இருந்ததைத் தொட்டது. கனம் தாங்காமல் ஒரு மூலை சாய்ந்தது. மூழ்கியது. அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு கணம் வெறுமையாக இருந்து, பிறகு ஒரு புள்ளி தோன்றியது. புள்ளிக்கு மூலைகள் வந்தன.

சத்தமே இல்லை. நான் எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது இடுப்பு சொன்னது.

என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறேன், மறுத்திருக்கிறேன். ஒரு பொருள் உண்டாவதை நான் பார்த்தது அன்றுதான்.

இது யாருடைய உப்பு என்று யோசித்தேன். சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தவர் வீட்டுக்குப் போய்க் குளித்தபோது போன உப்பு. யாரோ உப்புமாங்காய்ப் பரணி ஜாடியைக் கழுவினார்கள். யாரோ கருவாட்டை அலசினார்கள். காய்ச்சல் விட்டு வியர்த்த ஒரு குழந்தையின் சட்டையைத் துவைத்தார்கள். எந்த வீட்டிலோ ஒருத்தி அழுதுவிட்டுக் குழாயைத் திறந்து முகம் கழுவியிருப்பாள். இத்தனை பேரிடமிருந்தும் போனது, ஓடையில் நாறி, குழாயில் இருண்டு, எத்தனையோ தொட்டி தாண்டி, இங்கே வந்து சதுரமாகி நிற்கிறது. ஊரே சேர்ந்து இறக்கி வைத்த அழுக்கிலிருந்து பிழையே இல்லாத மூலைகள் நான்கு.

"என்னம்மா, சாமி கும்பிடுத மாதிரி நிக்கிய" என்றாள் முத்துக்கனி.

"ஒண்ணுமில்ல. கண்ணு கூசுது."

"இங்க கூசாதே. இந்தப் பாத்தியிலதாம்மா நான் கண்ணு கூசாம உப்பு பாத்தேன். அங்க இருவது வருசம் பாத்தது வெறும் வெளிச்சம்தான்."

தட்டில் வைக்கும் உப்பு

எனக்கு உப்பு புதிதல்ல. என் தகப்பனார் திருவனந்தபுரம் ஆரியசாலையில் உப்பு மொத்த வியாபாரம் செய்தவர். நாஞ்சில்நாட்டிலிருந்து வந்து கடை போட்டார். அந்தக் கடையின் தரை ஒருநாளும் காய்ந்ததில்லை. இடவப்பாதி மழை தொடங்கினால் சாக்குகள் அழ ஆரம்பிக்கும். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்குள் நடந்து போனால் பாதம் முதலில் கருக்கும், காய்ந்தபின் வெளுக்கும்.

கடை வாசலில் ஒரு மரத்தட்டு இருக்கும். அதில் மாதிரி உப்பு. பெரிய கல்லாகப் பொறுக்கி, உப்புத் தண்ணீரிலேயே அலசி, வெயிலில் காட்டி வைத்தது. உள்ளே சாக்கில் இருப்பது அப்படி இருக்காது. வாங்க வருகிறவருக்கும் அது தெரியும். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க அனுப்பும் போட்டோவைப் போலத்தான் அது. யாரும் ஏமாறுவதில்லை. யாரும் கோபித்துக்கொள்வதுமில்லை. நல்லதைத் தட்டில் வைப்பது வந்தவருக்குச் செய்யும் மரியாதை.

அளத்திலும் இதுதான் வழக்கம் என்று பிறகு முத்துக்கனி சொன்னாள். ஆபீசர் வருகிறார் என்றால் ஒரு கூடை உப்பை அலசித் தனியே எடுத்து வைத்துவிடுவார்களாம்.

இப்போது அந்த மீன மாதத்து மதியத்துக்கு வருகிறேன். பாத்தியிலிருந்து உப்பை வாரியெடுக்கும் முதல் வாரல் முடிந்து, உப்பைக் கொட்டகையில் அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். அன்றிலிருந்து தொண்ணூறு நாள். கொட்டகைச் சுவரில் ஜெயன் கரியால் தினம் ஒரு கோடு போட ஆரம்பித்தான். அனுமதி கேட்கும் விண்ணப்பத்தோடு மாதிரி அனுப்ப வேண்டும். தகுதியுள்ள ஒருவர் முன்னிலையில் நிலையத்தாரே எடுக்கலாம் என்று அந்தக் கட்டத்தில் விதி இருந்தது. தகுதியுள்ள ஒருவர், உங்கள் பணிவுள்ள நான்.

முத்துக்கனி அம்பாரத்தின் உச்சியிலிருந்து வெள்ளைக் கல்லாகப் பொறுக்கினாள். சுத்தமான உப்புநீரில் இரண்டு முறை அலசினாள். துணியில் பரப்பி, கருப்பாக ஒரு தூசி கிடந்ததை நகத்தால் எடுத்து எறிந்தாள்.

"ஆபீசுக்குக் குடுக்கது பாத்த ஒடனே பிடிக்கணும் இல்லாம்மா?"

எனக்கு அந்த மரத்தட்டு ஞாபகம் வந்துவிட்டது. அதுதான் நான் செய்த குற்றம். முப்பத்து நான்கு வருட விதி, பத்து வயதுப் பெண்ணின் வெளுத்த பாதங்களுக்கு முன்னால் நிற்கவில்லை. அரக்கை நானே உருக்கினேன்.

என் வாக்கியத்தில் எனக்கே ஒரு மெமோ

முப்பத்தோராவது கோட்டன்று பதில் வந்தது. கடையில் விற்கும் உப்பை விட இந்த மாதிரி சுத்தமாக இருப்பதால், இது கழிவு நீரிலிருந்து எடுத்ததாகக் கருத இயலவில்லை. வெளி உப்பை மாதிரியாகக் காட்டியதாகக் கொண்டு விண்ணப்பத்தை ஏன் நிராகரிக்கக் கூடாது என்பதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

கீழே ஷைனியின் கையெழுத்து. ஒரு காலத்தில் என் செக்‌ஷனில் இருந்தவள், இப்போது என் நாற்காலியில் இருக்கிறாள். அந்த மெமோவில் பிழை கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் முயன்றேன். ஒன்றுமில்லை. வாக்கிய அமைப்பு என்னுடையது.

"லாபில் மாறிப்போயெந்நு எழுதாம், மேடம்" என்று ஆய்வகத்தின் மேல் பழியைப் போடப் பார்த்தான் ஜெயன்.

"லாபுல யாரோ ஒருத்தனுக்கு மெமோ போவும். அவன் என்ன செஞ்சான்?"

இதற்கு எழுதக்கூடிய விளக்கங்கள் பதினொன்று எனக்குத் தெரியும். பதினொன்றும் என்னிடமே பிறர் எழுதிக் கொடுத்தவை. அவற்றில் மிகச் சுலபமானதை மறுநாள் ஜெயன் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டான். 'எழுத்தறிவு குறைந்த தற்காலிகத் தொழிலாளி ஒருவர், மேற்பார்வையாளர் அறியாமல் மாதிரியைக் கழுவிவிட்டார். அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்.' அவன் கெட்டவன் அல்ல. பாத்திகளைக் காப்பாற்ற நினைத்தான்.

பாத்தியிலிருந்து வந்து நின்ற முத்துக்கனி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

"போட்டுக்கிடுங்க" என்றாள். "நாந்தான களுவுனேன். பாத்தி நிக்கட்டும்."

"நீ இல்லாம பாத்தி எதுக்கு?"

"தம்பி அந்த மானிய வச்சிப் பாத்துக்கிடும்."

"மானிக்கு விரல் கெடையாது, பிள்ளே."

அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. அலுவலகத் தாளைக் கிழிக்கக் கூடாது. பின்பக்கத்தைத் திருப்பி, கையால் நாலு வரி எழுதினேன். மாதிரி விதிக்கு மாறாக எடுக்கப்பட்டது. என் முன்னிலையில், என் சம்மதத்தோடு எடுக்கப்பட்டது. விதி எனக்குத் தெரியும். அம்பாரம் தொடப்படாமல் இருக்கிறது, அதிகாரி நேரில் வந்து விதிப்படி மாதிரி எடுக்க வேண்டுகிறேன்.

சர்வீஸ் முழுவதும் என் மேல் ஒரு மெமோ இல்லை என்பதை நான் வெளியே சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்படி நடந்துகொண்டேன், அவ்வளவுதான். அந்த நாலு வரி எழுதி முடிக்க ஒரு மதியம் ஆயிற்று.

அழும் உப்பு

பிறகு காத்திருப்பு. முதல் நினைவூட்டு, இரண்டாவது நினைவூட்டு. ஃபைல் இன்னாருடைய மேஜையில் இருக்கிறது என்று இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். முன்பெல்லாம் ஃபைல் எங்கே என்று தெரியாமல் தவித்தார்கள். இப்போது எங்கே என்று தெரிந்தும் தவிக்கிறார்கள். முன்னேற்றம்தான்.

ஐம்பத்தேழாவது கோட்டில் இடவப்பாதி இறங்கியது. கொட்டகைக்குள் அம்பாரம் ஆரியசாலைச் சாக்குகளைப் போலவே அழுதது. முத்துக்கனி அடியில் மரச் சட்டங்கள் செருகி, சுற்றிலும் சின்ன வாய்க்கால் வெட்டி, வடிந்த நீரைச் சொட்டு விடாமல் பிடித்து மறுபடி பாத்தியில் ஊற்றினாள். காலையும் மாலையும் தார்ப்பாயைத் தூக்கி விரல் வைத்துப் பார்ப்பாள். எழுபதைத் தாண்டியபோது ஜெயன் கோடு போடுவதை நிறுத்திவிட்டான். அவள் கரியை எடுத்துக்கொண்டாள்.

எழுபத்தாறாவது நாள் காலை, குடையை மடக்கிக்கொண்டு ஷைனி உள்ளே வந்தாள். சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது.

"மேடம் அடுத்து நிந்நிட்டாணோ அங்ஙனெ எடுத்தது?" நான் பக்கத்தில் நின்றுதான் அப்படி எடுத்தார்களா என்று கேட்டாள்.

"ஆமா."

"எந்தினா மேடம் அது எழுதித் தந்நது? வேறெ எத்ர வழி மேடத்தினு அறியாம்." வேறு எத்தனையோ வழி தெரிந்தும் ஏன் அதை எழுதிக் கொடுத்தேன் என்பது அவள் கேள்வி.

"எல்லா வழியும் வேற ஒருத்தர் தலை மேல போயி நின்னுது, ஷைனி."

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு அம்பாரத்தருகே போனாள். மேலிருந்து ஒரு பங்கு. நடுவிலிருந்து ஒரு பங்கு. அடிக்கு வந்தபோது முத்துக்கனி குறுக்கே வந்து நின்றாள்.

"மேடம், அடி வேண்டாம். மழையில வாடிக் கெடக்கு. அது குடுக்கக் கூடிய உப்பு இல்ல."

"அது வேணமல்லோ, சேச்சி. அதாணு ரூல்."

முத்துக்கனி என்னைப் பார்த்தாள், ஓரக்கண்ணால். நான் தலையசைத்தேன். அவள் மண்டியிட்டு, சட்டங்களுக்கு நடுவே முழங்கை வரை கையை விட்டாள். ஒரு பிடி எடுத்தாள். ஈரம். ஓரங்களில் லேசான சாயா நிறம். உள்ளங்கையை விரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. வாய்க்குள் சோறு வைத்துக்கொண்டு பேச முடியாதவர்களைப் போல, மூடிய கையோடு நின்றாள். பிறகு விரித்தாள்.

ஷைனி அதையே பார்த்தாள். அந்தச் சாயாக் கறைதான் எங்கள் சாட்சி. எந்தக் கடையிலும் அப்படி உப்பு விற்பதில்லை.

கலந்தார்கள். நாலாகப் பிரித்தார்கள். தள்ளினார்கள், மறுபடி கலந்தார்கள். என்னை யாரும் எதையும் தொடச் சொல்லவில்லை. அதுவும் சரியான நடைமுறை.

முடிக்கும்போது மழை நின்று வெயில் அடித்தது. மிதுன மாதத்தில் சில நாள் அப்படி ஒரு மணி நேரம் கிடைக்கும். பாத்திக்குக் கொப்பரையிலிருந்து சுடச்சுட உப்புநீர் வந்துகொண்டிருந்ததால், முத்துக்கனி தலையைச் சாய்த்து, "இப்பம் எறங்கும், பாருங்க" என்றாள்.

ஷைனி ஈரக் காலோடு குந்தி உட்கார்ந்தாள். ஏடு படிந்தது. சதுரங்கள் மிதந்தன, சாய்ந்தன, மூழ்கின. நாங்கள் மூன்று பெண்கள், மூன்று வெவ்வேறு வயது, ஒரே பாத்தியைக் குனிந்து பார்த்தோம். கூரையில் தேங்கிய மழைநீர் சொட்டுவது மட்டும் கேட்டது. சொட்டும் அந்தத் தண்ணீரும், கீழே உப்பை விட்டுப் பிரிந்து ஆவியாகும் தண்ணீரும் எங்கோ மேலே சந்திக்கும் என்று எனக்குத் தோன்றியது. மெமோவில் எழுத முடியாத எண்ணம்.

"இது ஆரும் எந்நோடு பறஞ்ஞில்லல்லோ" என்றாள் ஷைனி, கடைசியில். இதை யாரும் அவளிடம் சொன்னதில்லையாம்.

"எந்தப் படிவத்துல எழுதிச் சொல்ல?" என்றேன்.

மாதிரி எடுத்ததைப் பதிவு செய்யும் மகஜர் எழுதினாள். குவியல் யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒரு இடம் வரும். ஜெயன் அப்போது மழையில் நின்றுபோன பம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஈ கூன ஆருடெ சார்ஜிலா?"

"என் அம்பாரம்தான்" என்றாள் முத்துக்கனி. கையை முந்தானையில் துடைத்துவிட்டு, தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

தபால்

எண்பத்தொன்பதாவது கோடு வரை ஒன்றும் வரவில்லை. மறுநாள் அம்பாரம் வெளியேற வேண்டும். ஜெயன் லாரிக்குச் சொல்லிவிட்டான். விதி அது, நானும் ஒன்றும் சொல்லவில்லை. பாத்தியின் செங்கல் சுவர்களை அளந்துகொண்டு போக, இயந்திரம் பொருத்தும் ஆட்கள் வந்துபோனார்கள்.

தொண்ணூறாவது நாள் பத்து மணிக்கே லாரி கேட்டில் வந்து நின்றது. டிரைவர் சாயா குடிக்கப் போயிருந்தான். முத்துக்கனி தார்ப்பாயை மடித்து, சாக்குகளை எண்ணாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றரைக்குத் தபால்காரர் வந்தார். பழுப்புக் கவரை நான் வாங்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.

"இது நிங்களுக்கல்ல. இவிடெ முத்துக்கனி ஆராணு?"

மகஜரில் பொறுப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவருக்குத்தான் பதில் போக வேண்டும். நடைமுறை அதுதான், எனக்கு அந்த நிமிடம் வரை தோன்றவில்லை. ஸ்ரீமதி முத்துக்கனி, உப்புக் குவியல் பொறுப்பாளர். கவரின் மேல் மலையாளத்தில் அப்படித்தான் இருந்தது.

அவள் கவரைப் பிரிக்காமல் என்னிடம் கொடுத்தாள். படித்தேன். பாத்திகளில் எடுக்கும் உப்பை அதே நிலையத்தின் சாஃப்ட்னர்களில் பயன்படுத்த அனுமதி அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு அம்பாரத்துக்கும் விதிப்படி மாதிரி எடுக்க வேண்டும். வடித்த கசப்பு நீரை முன்போலவே அபாயக் கழிவாகக் கையாள வேண்டும்.

"அடி உப்ப பத்தி என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"அதனாலதான் நம்புனாவளாம்."

அவள் சாக்குகளைக் கீழே வைத்தாள். ஜெயன் கேட்டுக்கு ஓடி, லாரிக்காரனை வெறும் லாரியோடு திருப்பி அனுப்பினான். அன்று கேட்டில் எந்த லாரியும் எதற்கும் வழி விட வேண்டியிருக்கவில்லை.

ஒரு கடிதம் கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது, வந்த நாளை அதன் மூலையில் எழுதி, பெற்றவர் சுருக்கொப்பம் போடுவது. கடிதம் அவளுடையது. பேனாவை நீட்டினேன்.

"எந்த மாசம் போடணும்மா? இங்கத்த மாசமா, நம்ம மாசமா?"

"உனக்கு வந்த கடிதம். உன் மாசத்தப் போடு."

அவள் தலையைச் சாய்த்து, தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி, உப்பு ஒட்டிய விரல்களால் மூலையில் மெதுவாக எழுதினாள். ஆனி பதினேழு.